விழுந்தால் தூக்க முடியுமா?

1980 செப்டம்பரில், ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ ஒரு புதிய வண்டியை நிறுத்தியது. ஆர் 80 ஜி/எஸ் என்று பெயர். 798 சிசி எஞ்சின், 50 குதிரைத்திறன், பெட்ரோல் நிரப்பினால் சுமார் 190 கிலோ. தார்ச் சாலையில் தொலைதூரம் போகலாம், சாலை முடிந்த பிறகும் போகலாம் என்பதுதான் அதன் வாக்குறுதி. அன்றைய கணக்கில் அது மிகப் பெரிய வண்டி. மண்ணிலும் கல்லிலும் ஓட்டுவதற்கு என்று விற்றவை பெரும்பாலும் ஒற்றை சிலிண்டரும் மெலிந்த உடலுமாக இருந்த காலம் அது. 1976-ல் வந்த யமஹா எக்ஸ்.டி. 500 ஏறத்தாழ 140 கிலோதான். இரண்டு சிலிண்டர்களைப் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டு, செயினுக்குப் பதிலாக ஷாஃப்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு கனமான ஒன்று சேற்றில் என்ன செய்யும் என்ற சந்தேகம் நியாயமானதே.

அதே வரிசையில் 2023-ல் வந்தது ஆர் 1300 ஜி.எஸ். எஞ்சின் 1300 சிசி, குதிரைத்திறன் 145, எடை 237 கிலோ. முந்தைய ஆர் 1250-ஐ விட 12 கிலோ குறைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போன ஒரு வரிசையில் இது சின்ன சாதனையல்ல. ஆனாலும் 1980-ல் பருமன் என்று பேசப்பட்ட வண்டியைவிட ஏறக்குறைய 47 கிலோ அதிகம்.

இரண்டு வண்டிகளின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறியவற்றைவிட மாறாதவைதான் முதலில் வியப்பூட்டுகின்றன. டேங்க் அன்று 19.5 லிட்டர், இன்று 19. இருக்கையின் உயரம் அன்று 860 மில்லிமீட்டர், இன்று 850. முன்சக்கரம் மேலும் கீழும் ஆடும் தூரம் அன்று 200 மில்லிமீட்டர், இன்று 190. நாற்பது ஆண்டுகளில் மனிதனின் கால் நீளவில்லை, பாதையின் பள்ளம் ஆழமாகவில்லை என்பதால் இந்த எண்கள் அப்படியே நின்றுவிட்டன. ஏறியவை எல்லாம் தார்ச் சாலைக்கு உரியவை. குதிரைத்திறன் மும்மடங்கை நெருங்கியது, கியர் ஐந்திலிருந்து ஆறானது. இறங்கியது ஒன்று உண்டு. முன்சக்கரம் 21 அங்குலத்திலிருந்து 19 அங்குலமானது. பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் எளிதாக ஏறிக் கடக்கும். சற்றுச் சிறிய சக்கரம் மலைச் சாலையின் வளைவில் சொன்னபடி திரும்பும். எந்தப் பக்கம் சாய்வது என்று ஜி.எஸ். வரிசை 1990-களின் நடுவில், ஆர் 1100 வந்தபோதே முடிவு செய்துவிட்டது.

அந்த முதல் வண்டி சந்தையைக் கணக்குப் போட்டு மட்டும் பிறந்ததல்ல. எழுபதுகளின் கடைசியில் பி.எம்.டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் பிரிவு தடுமாறிக்கொண்டிருந்தது. ஜப்பானிய நான்கு சிலிண்டர் வண்டிகளின் வேகத்துக்கும் விலைக்கும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதே நேரத்தில் சோதனைப் பிரிவில் இருந்த லாஸ்லோ பெரெஸ், தன் சகாக்களோடு சேர்ந்து பெரிய எஞ்சினை வைத்து ஒரு காட்டுவழிப் பந்தய வண்டியைக் கட்டினார். 1978-ல் ஜெர்மன் போட்டிகளில் 750 சிசிக்கு மேற்பட்ட பிரிவில் அதை ஓட்டி இரண்டாம் இடமும் பெற்றார். நிர்வாகம் அதைக் கவனித்தது. கையில் இருந்த எஞ்சினையே எடுத்து, இரண்டு ஆண்டுக்குள் விற்பனைக்கான வண்டியாக்கினார்கள். பின்சக்கரத்தை ஒரே பக்கத்துக் கையில் தாங்கும் அமைப்பு அதில்தான் வந்தது. கார் சக்கரத்தைப் போல மூன்று நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஏழு ஆண்டுகளில் சுமார் 22,000 வண்டிகள் விற்றன. பிரிவு பிழைத்தது. இன்று அந்த வரிசை ஓர் ஆண்டிலேயே 60,000-ஐ ஒட்டி விற்றிருக்கிறது. 2023-ல் பெர்லின் தொழிற்சாலையிலிருந்து பத்து லட்சமாவது ஜி.எஸ். வெளியே வந்தது.

பெயரை உலகறியச் செய்தது பாலைவனம். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வண்டிகள் ஆப்பிரிக்காவின் டாக்கரை நோக்கிப் பந்தயத்தில் கிளம்பின. அவற்றில் 90 மோட்டார் சைக்கிள்கள். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தவை 74. அந்த முதல் பந்தயத்தை வென்ற சிரில் நெவ்யூ ஓட்டியது யமஹா எக்ஸ்.டி. 500. இரண்டே ஆண்டில், 1981-ல், யூபெர் ஓரியோல் பி.எம்.டபிள்யூவில் வென்றார், 1983-லும் அவரே. 1984, 1985 இரண்டும் பெல்ஜியத்தின் காஸ்டன் ராயேவுக்கு. பிறகு ஹோண்டா தனக்கென ஒரு வி-ட்வின் வண்டியைக் கட்டி 1986 முதல் 1989 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. அதன் வீட்டுப் பதிப்பாக 1988-ல் வந்ததுதான் 647 சிசி ஆப்பிரிக்கா ட்வின். யமஹா 1983-லேயே டெனெரே என்ற பெயரில், ஏறத்தாழ 30 லிட்டர் டேங்க் கொண்ட 600 சிசி ஒற்றை சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தது. மணலில் வென்றதை அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ கடையில் வாங்கலாம் என்ற நிலை. பந்தயமும் கடையும் அவ்வளவு நெருக்கம்.

ராயேவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் குள்ளமான மனிதர். பாலைவனத்துக்கான பெரும் டேங்கோடு நிற்கும் அந்த உயரமான வண்டியில் அவர் அமர்ந்தால் கால்கள் தரையைத் தொடாது. நிற்பதும் கிளம்புவதும் அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வித்தை. இன்றைய ஆர் 1300-இல் கூடுதல் விலைக்கு ஓர் அமைப்பு கிடைக்கிறது: வேகம் குறைந்து வண்டி நிற்கப் போகும்போது உடல் தானாகவே 30 மில்லிமீட்டர் தாழும், கிளம்பியதும் மீண்டும் எழும். உயரம் குறைந்தவர் கால் ஊன்றி நிற்பது எளிதாகிறது. எத்தனையோ பேருக்கு மூடியிருந்த கதவை அந்த 30 மில்லிமீட்டர் திறந்திருக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கு. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் இந்த நாற்பது ஆண்டுக் கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி எதற்காக என்று யோசித்தால், ஒரே விடைக்குத்தான் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. எடையை மறைப்பதற்காக. நிற்கும்போது தாழும் உடல், மேட்டில் பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக், ஜல்லியில் பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் எஞ்சினை அடக்கும் கட்டுப்பாடு, ஒரு விரலால் அழுத்தக்கூடிய கிளட்ச் எல்லாமே கனமான ஒரு வண்டியை இலேசாக உணரச் செய்பவை. அவை அந்த வேலையை அற்புதமாகச் செய்கின்றன. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை.

விழுந்தால் அந்த உதவிகள் எல்லாம் நின்றுபோகும். கற்கள் நிறைந்த ஓர் ஓடையில், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், முன்சக்கரம் ஒரு கல்லில் சறுக்குகிறது. வண்டி பக்கவாட்டில் படுக்கிறது. தனியாக இருப்பவர் செய்ய வேண்டியது இது. எஞ்சினை அணைத்து, கியரில் போட வேண்டும். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்ப வேண்டும். முதுகை இருக்கையில் சாய்த்து, பின்புறம் திரும்பி நின்று, ஒரு கையால் ஹேண்டில் நுனியையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, முதுகால் அல்ல, தொடைகளால் உந்தி, குதிகாலில் அடியடியாகப் பின்னே நடக்க வேண்டும். வண்டி எழுந்து மறுபக்கம் விழுந்துவிடாதபடி சைடு ஸ்டாண்டை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். 190 கிலோவை ஓர் ஆரோக்கியமான ஆள் இப்படி ஒரு நாளில் பலமுறை தூக்கலாம். 237 கிலோவோடு இரண்டு அலுமினியப் பெட்டி, கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 280-ஐத் தாண்டும். முதல் முறை தூக்கலாம். இரண்டாவது முறையும் தூக்கலாம். மூன்றாவது முறை பெட்டிகளைக் கழற்றிவிட்டுத்தான். கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில், மூச்சுக் காற்று வெகுவாகக் குறைந்துவிட்ட இடத்தில், அதுவும் முடியாமல் போகலாம்.

அன்றைய ஓட்டுநருக்கு இன்னொரு பலம் இருந்தது: வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வால்வு சத்தம் கூடுகிறதா? எஞ்சின் ஆறிய காலை வேளையில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துவார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரின் மூடியை மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். கழற்றினால் ஒரு கரண்டி ஆயில் சொட்டும், கீழே துணி வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஃப்ளைவீலில் பொறித்த குறி சிறு துளைக்கு நேரே வரும்வரை கொண்டுபோவார். பிறகு மெல்லிய கேஜ் தகட்டை வால்வுக்கும் ராக்கருக்கும் இடையில் நுழைத்துப் பார்ப்பார். உள்ளே இழுக்கும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், வெளியே தள்ளும் வால்வுக்கு 0.20. தகடு இழுபடும்போது விரலில் ஒரு சின்ன இறுக்கம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். குனிந்து தேட வேண்டியதில்லை. இரண்டு சிலிண்டர் தலைகளும் முழங்காலுக்குக் கீழே வெளியே நிற்கின்றன. அரை மணி நேரம், நான்கு ஸ்பேனர். பாலைவனத்து விடுதி முற்றத்திலும் செய்தார்கள், ஆண்டிஸ் மலைக் கிராமத்திலும் செய்தார்கள்.

இன்றைய எஞ்சினில் அந்த வேலையே அரிதாகிவிட்டது. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். பார்க்கும்போதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உயரமான கணவாயில் காற்று மெலியும்போது கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றிய காலம் போய், சென்சார் காற்றின் அடர்த்தியை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. அன்று அடிக்கடி ஏற்பட்டு, கையால் சரிசெய்யப்பட்ட கோளாறுகள் இன்று ஏற்படுவதே இல்லை. இன்று அரிதாக ஏற்படும் கோளாறு ஒன்று வந்துவிட்டால், திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதன் காரணத்தைக் கேட்க லேப்டாப் வேண்டும், லேப்டாப்பை வைத்திருக்கும் சர்வீஸ் நிலையம் வேண்டும். நூறு முறை வண்டியோடு பேரம் பேசிக் கடந்த பயணத்துக்கும், தொண்ணூற்றொன்பது முறை எதுவும் கேட்காமல் ஓடிவிட்டு ஒருமுறை முழுக்க நின்றுவிடும் பயணத்துக்கும் உள்ள வேறுபாடு இது. எது மேல் என்பது, அந்த ஒருமுறை எங்கே நிகழ்கிறது என்பதைப் பொறுத்தது.

2004-இல் நடிகர் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க் வரை போனார்கள். ஆர் 1150 ஜி.எஸ். அட்வென்ச்சர் வண்டிகள், அலுமினியப் பெட்டிகள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர் இந்த வகை வண்டியின் மேல் ஆசை கொண்டார்கள். இன்று உலகெங்கும் ஓடும் பெரிய சாகச வண்டிகளின் தோற்றத்தை வகுத்ததில் அந்தத் தொடருக்குப் பெரும் பங்கு உண்டு. மங்கோலியாவில் அவர்களோடு வந்த ஒளிப்பதிவாளரின் பி.எம்.டபிள்யூ பழுதாகி லாரியில் ஏற்றப்பட்டது. அவர் அங்கேயே ரஷ்யாவின் இழ் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். பழைய பாணி, ஒற்றை சிலிண்டர், எடை குறைவு. சேற்றிலும் ஆற்றிலும் பெரிய வண்டிகளோடு சேர்ந்து அதுவும் போனது. தொடரின் அந்தப் பகுதியை எண்ணிப் பார்த்துப் பெட்டி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அதில்தான் கற்க வேண்டியது அதிகம் இருந்தது.

பிரேக்கைப் பற்றி மட்டும் எந்த ஏக்கமும் வேண்டாம். ஆர் 80-இல் முன்னே ஒற்றை டிஸ்க், பின்னே டிரம். பாரம் ஏற்றி ஆல்ப்ஸ் இறக்கத்தில் வருபவரின் வலது கை வலித்துவிடும். மழையில் இன்னும் மோசம். 1988-இல் பி.எம்.டபிள்யூ கே 100 வண்டியில் மின்னணு ஏபிஎஸ் வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, கேடிஎம் 1190 அட்வென்ச்சரில், வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தையும் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ் வந்தது. வளைவின் நடுவில், ஈரத்தில், எதிரே மாடு நிற்கும்போது பயந்து பிரேக்கை இறுகப் பிடித்தாலும் வண்டி நிமிர்ந்து பள்ளத்தில் பாயாமல் நிற்கிறது. இதனால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்! பழைய வண்டியை நேசிப்பவர்களும் இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று பெரிய வண்டி வாங்க நினைப்பவர் முன் இருக்கும் தேர்வுகளும் அந்தப் பழைய குடும்பங்களின் வழிவந்தவையே. ஒவ்வொன்றும் தன் வழியில் எடையோடு சமரசம் செய்திருக்கிறது. 2003-இல் நின்றுபோன ஆப்பிரிக்கா ட்வின்னை ஹோண்டா 2016-இல் திரும்பக் கொண்டுவந்தது. இப்போது 1084 சிசி, 102 குதிரைத்திறன். போட்டியாளர்கள் 140, 160 என்று ஏறிக்கொண்டிருந்தபோது அது நூறோடு நின்றுகொண்டது. அடிப்படை வண்டியில் 21 அங்குல முன்சக்கரத்தையும் விடவில்லை. கிளட்ச் இல்லாத கியர்பாக்ஸ் வேண்டுவோருக்கு அதுவும் உண்டு. களைத்த இடது கைக்கு மணலில் அது பெரிய ஆறுதல். கேடிஎம் ஒரே எஞ்சினை இரண்டு வண்டியாக்கி விற்றது. 1290-இன் எஸ் வகையில் 19 அங்குலம், ஆர் வகையில் 21. இரண்டு ஆசையும் ஒரே வண்டியில் முழுமையாக அடங்காது என்பதை ஒப்புக்கொண்ட நேர்மை அதில் இருக்கிறது. யமஹா 2019-இல் டெனெரே 700-ஐக் கொண்டுவந்தது: 73 குதிரைத்திறன், 204 கிலோ, ஏபிஎஸ் தவிர வேறு மின்னணு உதவி எதுவும் முதலில் இல்லை. குறைவாகக் கொடுத்ததையே காரணமாகச் சொல்லி அதை வாங்கியவர்கள் பலர்.

என் கருத்தைக் கேட்டால், நாளொன்றுக்கு 700 கிலோமீட்டர், இருவர், பாரம், மழை என்றால் ஆர் 1300-க்கு ஈடாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. பின்னால் அமர்ந்து வருபவரின் முதுகைக் கேட்டாலும் இதையே சொல்லும். ஆற்று மணலும் சேறும் தனிமையும் என்றால், 200 கிலோவுக்கு மேல் எதையும் என்னால் பரிந்துரைக்க முடியாது.

பந்தயமும் இந்தக் கணக்கைத்தான் போட்டது. 2002-இல் ஃபாப்ரிசியோ மியோனி கேடிஎம்மின் 950 சிசி இரட்டை சிலிண்டரில் டாக்கரை வென்றார். 2005 பந்தயத்தில் மொரிட்டானியாவில் விழுந்து அவர் இறந்தார். வேகத்தையும் உயிரிழப்பையும் குறைக்க எஞ்சின் அளவு படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு, 2011 முதல் 450 சிசி மட்டுமே என்றானது. பாதுகாப்பு அச்சத்தால் 2008 பந்தயம் நடக்கவே இல்லை. 2009-இல் தென் அமெரிக்காவுக்கும், 2020-இல் சவூதி அரேபியாவுக்கும் இடம்பெயர்ந்தது. டாக்கர் என்ற பெயரோடு நடக்கும் பந்தயம் டாக்கருக்குப் போவதில்லை. அதில் பெரிய வண்டிகளும் இல்லை. டேங்கில் பாலைவனத்தின் பெயரை எழுதிக்கொண்டு விற்கும் வண்டிகளுக்கு அந்தப் பாலைவனத்தில் இன்று வேலை இல்லை.

பயணிகளுக்கும் அதே நிலைதான். எண்பதுகளில் ஓர் ஐரோப்பியர் மிஷலின் நிறுவனத்தின் 153-ஆம் எண் வரைபடத்தையும் ஒரு திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, அல்ஜீரியா வழியே நைஜரின் அகடெஸ் வரை போவார். கிணறு எங்கே, எதில் தண்ணீர் கெட்டது என்பதெல்லாம் அந்த வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. இன்று எந்த மணல் மேட்டையும் செயற்கைக்கோள் படமாகக் கைப்பேசியில் பார்க்கலாம். அங்கே போக முடியாது. மாலியிலும் நைஜரிலும் நடக்கும் ஆயுத மோதல்கள் பழைய வழிகளை அடைத்துவிட்டன. அந்தப் பாதையோரத்தில் விருந்தாளிகளை நம்பிப் பிழைத்த வழிகாட்டிகளுக்கும் விடுதிக்காரர்களுக்கும் நேர்ந்த இழப்பு, வண்டி ஓட்டுபவர்களின் இழப்பைவிடப் பல மடங்கு பெரியது.

டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இரு காலங்களையும் தன் ஒரே வாழ்க்கையில் பார்த்தவர். 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து 500 சிசி டிரையம்ப் வண்டியில் கிளம்பி, நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார், இந்தியாவுக்கும் வந்தார். அது சாகச வண்டியே அல்ல, அப்படி ஒரு வகை அன்று இல்லை. எழுபது வயதை நெருங்கிய பிறகு, 2001-இல், அதே வழியில் மீண்டும் புறப்பட்டார். இந்த முறை அவர் தேர்ந்தது பி.எம்.டபிள்யூ. ஆனால் அன்றைய புது மாடலான ஆர் 1150 அல்ல. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன, காற்றால் குளிரும் ஆர் 80 ஜி.எஸ்.

அந்த 1980-ஆம் ஆண்டு வண்டியின் எண்களை இன்று வேறு எங்கே பார்க்கலாம் என்று தேடினால், விடை சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு 2016-இல் ஹிமாலயனைக் கொண்டுவந்தபோது அது 411 சிசி, 24 குதிரைத்திறனை ஒட்டியது. முதலில் கார்புரேட்டர், பிறகு இன்ஜெக்ஷன். 2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயன் 452 சிசி, 40 குதிரைத்திறன், 196 கிலோ, 17 லிட்டர் டேங்க், 21 அங்குல முன்சக்கரம். கொலோனில் நிறுத்தப்பட்ட வண்டியைவிடப் பத்துக் குதிரைத்திறன் குறைவு. எடையில் ஏறத்தாழ அதே. நாற்பது ஆண்டுக்கு முன் உலகின் பெரிய வண்டி என்று எண்ணப்பட்டது, இன்று சென்னையில் நடுத்தர வண்டியாகத் தயாராகிறது. அறிமுக விலை 2.69 லட்சம் ரூபாய். ஆர் 1300 இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 20.95 லட்சம். ஓசூரிலும் டிவிஎஸ் ஆலையில் பி.எம்.டபிள்யூவுக்காக 310 சிசி ஜி.எஸ். பல ஆண்டுகளாகத் தயாராகி உலகம் முழுதும் போனது.

லடாக்குக்குப் போகும் பாதையும் மாறிவிட்டது. 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயின் சேற்றையும் பனியையும் பத்து நிமிடத்தில் தாண்டவைக்கிறது. நோயாளியை மணாலிக்குக் கொண்டுபோக வேண்டிய லாஹௌல் மக்களுக்கு அது எத்தனையோ ஆண்டுக் காத்திருப்பின் பலன். கணவாயின் மேல் போகும் பழைய பாதை இன்னும் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு அதில் ஏற விரும்புபவருக்கு 145 குதிரைத்திறன் வேண்டியதில்லை. உருகிய பனி ஓடும் ஒரு வளைவில் வண்டி சாய்ந்தால், பின்னால் லாரி வருவதற்குள் தானே தூக்கி நிறுத்தக்கூடிய எடையாக இருந்தால் போதும்.